மாடு மேய்க்கப் போன அண்ணன்

வீட்டில் அண்ணன், தங்கை. ஒருத்தரைத்தான் பள்ளிக்கூடம் அனுப்ப முடியும் என்றால் யாரை அனுப்புவீர்கள்? 'பையனைத்தான், இதிலென்ன சந்தேகம்?' என்கிறீர்களா? லெசோதோவில் கதை தலைகீழ்.

நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு அது. இருபதாம் நூற்றாண்டு முழுக்க அப்பாக்கள் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கங்களுக்குப் போய்விட, ஆடு மாட்டை யார் பார்ப்பது? பொடியன்கள்தான். கையில் கம்பு, உடம்பில் கம்பளி, மலைமேல் கல் குடிசையில் மாசக்கணக்கில் வாசம். தங்கச்சி மட்டும் சீருடை மாட்டிக்கொண்டு, மலைப்பாதையில் நடந்து பள்ளிக்குப் போனாள். விளைவு, அங்கே ஆண்களைவிடப் பெண்களுக்கே எழுத்தறிவு அதிகம்!

2000-ல் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது அரசு. 2010-ல் கட்டாயமும் ஆக்கியது. சட்டமெல்லாம் சரி, மாட்டை யார் மேய்ப்பார்கள்? அதனால்தான் இந்தப் பையன்களுக்கென்றே ராத்திரிப் பள்ளிகள் வந்தன. பகலெல்லாம் மேய்த்து, பட்டியில் அடைத்துவிட்டு வந்து, கொட்டாவியோடு எழுத்துக்கூட்டுகிறான் அண்ணன். தங்கச்சி அதற்குள் ஆறாம் வகுப்பு.