சோடாபுட்டிக் கண்ணாடியும் ஜெனிவா தீர்மானமும்

ஜெனிவாவுக்கும் பரவைக்கும் என்னய்யா சம்பந்தம்னு தலைப்பைப் பார்த்ததும் ஓடிடாதீங்க மக்களே. பரவைன்னா உங்களுக்கு முனியம்மாவும் காய்கறி மார்க்கெட்டும்தான் ஞாபகம் வரும். உலக சுகாதாரக் கொள்கை, நீடித்த வளர்ச்சின்னு பெரிய பெரிய வார்த்தைகளைக் கேட்டா, அதெல்லாம் ஜெனிவாவுல எழுதி, டெல்லிக்கு வந்து, அப்புறம் கடைசி ஆளா நம்ம ஊருக்கு வந்து சேரும்னுதான் நாம நினைக்கிறோம். கண்புரை விஷயத்துல அது பாதி உண்மைதான். மீதிப் பாதி மதுரையிலேர்ந்து கிளம்பிப் போனது.

முதல்ல சோடாபுட்டிக் கண்ணாடி. எண்பதுகள்ல எங்க ஏரியாவுல புரை ஆபரேஷன் பண்ணிட்டு வந்த கிழவன் கிழவி எல்லார் மூக்குலயும் அது உட்கார்ந்திருக்கும். அப்போதைய முறையில புரை விழுந்த லென்ஸை அதோட உறையோட மொத்தமா எடுத்துடுவாங்க. கண்ணுக்குள்ள லென்ஸே இருக்காது. அந்த வேலையை வெளியில ஒரு தடிக் கண்ணாடி செய்யணும். பார்க்கிறதெல்லாம் கால்வாசிக்கு மேல பெருசாத் தெரியும், பக்கவாட்டுல பாதி தெரியாது. எங்க அப்பத்தா வாசப்படி இறங்கும்போது காலை விட்டுத் துழாவித்தான் இறங்கும். அந்தக் கண்ணாடி கீழே விழுந்து உடைஞ்சா கதை முடிஞ்சுது, மறுபடியும் குருடுதான். ஆனா சர்க்கார் கணக்குல அது வெற்றிகரமான ஆபரேஷன்!

இதுக்கு மாற்று இல்லாமலா இருந்தது? 1949லேயே லண்டன்ல ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கண்ணுக்குள்ள செயற்கை லென்ஸ் வச்சுட்டார். உலகப் போர் விமானிகள் கண்ணுல விமானத்தோட பிளாஸ்டிக் சில்லு குத்தியும் கண் அதை எதிர்க்காம ஏத்துக்கிட்டதைப் பார்த்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எண்பதுகள்ல பணக்கார நாடுகள்ல இது சர்வசாதாரணம். ஆனா ஒரு லென்ஸ் கிட்டத்தட்ட 100 டாலர். அதனால உலக சுகாதார வட்டாரத்துல பெரும்பாலானவங்க சொன்னது இதுதான்: ஏழை நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது, லட்சக்கணக்குல ஆள் காத்திருக்கும்போது தடிக் கண்ணாடியே போதும். கணக்காப் பார்த்தா நியாயம் மாதிரிதான் தெரியும். 'ஏழைக்கு இது போதும்'னு சொல்றதுல இருக்கிற வசதியே அதுதான், கேக்க நியாயமா இருக்கும்.

இப்ப டாக்டர் வி. முழுப்பேர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரத்துக்காரர், பிறந்தது 1918ல. பிரசவ டாக்டராகணும்னு ஆசைப்பட்டவர். முப்பது வயசுல முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்தக் கையோட கண் அறுவை கத்துக்கிட்டு, மதுரை அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்த்து, ஊர் ஊரா முகாம் போட்டவர். 58 வயசுல ரிட்டயர் ஆகி 1976ல அண்ணா நகர்ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சார். 2006ல காலமானார். இதெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு.

அதிகம் பேசாத ஒண்ணு, பெரியம்மைத் தொடர்பு. இந்தியாவுல பெரியம்மை 1975ல ஒழிஞ்சது. அந்த வேலையில உலக சுகாதார நிறுவனத்துக்காக டெல்லியில இருந்த லாரி பிரில்லியன்ட், நிக்கோல் கிராஸே ரெண்டு பேரும் அடுத்து என்னன்னு தேடினப்ப, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு கண்ணுல பட்டது. 1978ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சேவா ஃபவுண்டேஷனோட முதல் உறுப்பினர்கள்ல நம்ம டாக்டர் வியும் ஒருத்தர். பின்னால சேவாவைச் சேர்ந்த டேவிட் கிரீன் உதவியோட 1992ல மதுரையில அரோலேப் வந்தது. லென்ஸை இங்கேயே செஞ்சாங்க. 100 டாலர் சரக்கு 10 டாலருக்கு வந்து, அப்புறம் 5 டாலருக்கும் கீழே இறங்குச்சு. 'கட்டுப்படியாகாது' வாதத்தோட அஸ்திவாரமே ஆடிப்போச்சு.

விலை குறைஞ்சா மட்டும் கொள்கை மாறிடாது, ஆதாரம் கேப்பாங்க. ரெண்டு கண்ணிலும் புரையால பார்வை கெட்ட 3,400 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்குப் பழைய ஆபரேஷனும் தடிக் கண்ணாடியும், இன்னொரு பாதிக்கு உள்ளே லென்ஸும் கொடுத்துப் பார்த்தாங்க. 1998ல வெளிவந்த அந்த ஆய்வோட பேரே மதுரை லென்ஸ் ஆய்வுதான். லென்ஸ் பாதுகாப்பானது, பார்வையும் அன்றாட வாழ்க்கையும் அதுலதான் மேல்னு முடிவு வந்தது. அதே காலத்துல, 1994லிருந்து 2002 வரைக்கும், உலக வங்கிக் கடன்ல தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்கள்ல நடந்த கண்புரைத் திட்டமும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளை லென்ஸ் பக்கம் நகர்த்துச்சு. உலக வங்கின்னாலே திட்டுற ஆளு நான். இதுல திட்ட மனசு வரலை :-)

பார்வையும் பொருளாதாரமும் சேர்ற இடம் ஒண்ணு இருக்கு. டாக்டர் வியும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 1983ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. பார்வை போனதால வேலை இழந்த ஆண்கள்ல 85 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கப்புறம் வேலைக்குத் திரும்பிட்டாங்க. முதல் வருஷத்துலயே ஆபரேஷன் செலவைப் போல 15 மடங்கு உழைப்பாத் திரும்பி வந்ததாம். எல்லாரும் அந்த 15 மடங்கைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. நான் நின்ன இடம் வேற: பெண்கள்ல திரும்பினது 58 சதவீதம்தான். ஏன்? எனக்குத் தோணுறது, அந்த அம்மா கண்ணு தெரியாம கிடந்த நாள்லயே களையெடுக்கிற வேலை மருமகளுக்குப் போயிருக்கும், பேரப்பிள்ளை இடுப்புல ஏறியிருக்கும். நம்ம வீடுகள்ல நாம பார்க்கிறதுதானே?

அடுத்தது பஸ் காசு. ஆபரேஷன் இலவசம்னு சொல்லிட்டா கூட்டம் அள்ளும்னு நினைப்போம். 1991ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு, ஆபரேஷனோட போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்த இடத்துலதான் ஆள் கூடுதலா வந்தாங்கன்னு காட்டுச்சு. பரவையிலேர்ந்து அண்ணா நகர் போகவே பெரியார்ல இறங்கி இன்னொரு பஸ் மாறணும், துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளோட ஒரு நாள் கூலி. உசிலம்பட்டிக்கு உள்ளே இருக்கிறவங்களைக் கேக்கவே வேணாம். 1999ல இன்னொரு ஆய்வு, கண்ணுல பிரச்சினை இருக்கிற 100 பேர்ல சுமார் 7 பேர்தான் முகாமுக்கே வர்றாங்கன்னு சொல்லுச்சு. உலகமே பாராட்டின முகாம் முறையோட லட்சணம் அது. அதை மறைக்காம அரவிந்த்காரங்களே சேர்ந்து வெளியிட்டாங்கங்கிறதுல எனக்கு மரியாதை உண்டு. 2004லிருந்து கிராமத்துப் பக்கமே சின்னச் சின்ன பார்வை மையங்களைத் திறந்து, கம்ப்யூட்டர் வழியா மதுரை டாக்டர் பார்க்கிற ஏற்பாடு வந்தது.

ஜெனிவா பக்கம் போவோம். 1999 பிப்ரவரியில உலக சுகாதார நிறுவனம் 'விஷன் 2020' ஆரம்பிச்சுது. 2020க்குள்ள தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பே இருக்காதுன்னாங்க. நடக்கலைன்னு சொல்லத் தேவையில்லை. 2015ல வந்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள்ல கண்ணுக்குன்னு தனியா ஒரு வரி கிடையாது. 2021 ஜூலையிலதான் ஐ.நா. பொதுச்சபை, பார்வை இல்லாம வறுமை, படிப்பு, பெண் சமத்துவம் எந்த இலக்கும் நடக்காதுன்னு தனித் தீர்மானம் போட்டுச்சு.

அந்த வருஷமே உலக சுகாதாரப் பேரவை 2030க்கு ஒரு இலக்கு வச்சுது. கண்புரை சிகிச்சையில 'பயனுள்ள' எட்டல் 30 சதவீதப் புள்ளி கூடணுமாம். அந்த 'பயனுள்ள'ங்கிற ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. எத்தனை ஆபரேஷன் நடந்ததுன்னு எண்ணக்கூடாது, ஆபரேஷன் ஆனவங்கள்ல எத்தனை பேருக்கு நல்லாத் தெரியுதுன்னு எண்ணணும். அப்பத்தா மாதிரி ஆளுங்க முதல் தடவையா கணக்குல தப்பா ஏற மாட்டாங்க.

உங்க ஊர்ல முகாம் நடந்த கதை, சோடாபுட்டி போட்ட தாத்தா பாட்டி கதை இருந்தா எழுதுங்க மக்களே. குறிப்பா அந்த 58 சதவீதத்தைப் பத்தி, வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுச் சொல்லுங்க.