குரத்தியர் முதல் அங்கன்வாடி வரை: கற்பிப்பாருக்கு ஊரார் தந்த உறுதி

சித்தூர் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கல்லெழுத்துப் படிக்கும் பழக்கம் மட்டும் நாற்பது வருஷமாக விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் 2024 ஜனவரியில் என் கடைக்கு வந்த ஓர் அங்கன்வாடி டீச்சரம்மா. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ் பேசுபவர். பிள்ளைகளுக்குச் சோறாக்கக் குண்டான், கரண்டி என்று பல முறை தன் கைக்காசில் வாங்கிப் போயிருக்கிறார். ஆந்திர அங்கன்வாடி ஊழியர்கள் 2023 டிசம்பர் 12 முதல் வேலை நிறுத்தத்தில் இருந்த நேரம். ஜனவரி 6ஆம் தேதி அரசு எஸ்மா சட்டத்தை அவர்கள்மேல் ஏவியது.

“அண்ணா, நாங்க அத்தியாவசிய வேலை செய்யறோம்னு எஸ்மா போட்டாங்க. சம்பளம் கேட்டா மட்டும், நீங்க தொண்டு செய்யறவங்க, உங்களுக்கு மதிப்பூதியம்தான்னு சொல்றாங்க. ரெண்டுல எது நிஜம்?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த இடத்தில் தேடினேன்.

வந்தவாசிக்கு அருகே வேடல் என்றொரு ஊர். கல்வெட்டில் அதன் பெயர் விடால். சோழன் முதலாம் ஆதித்தனின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 885 வாக்கில் வெட்டப்பட்ட எழுத்து அங்கே உள்ளது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியார் என்னும் சமண ஆசிரியை அவ்வூரில் கற்பித்து வந்தார். குரவர் என்பதற்குப் பெண்பாலே குரத்தியார். ஐந்நூறு பேர் ஒரு தொகுதி, நானூறு பேர் மற்றொரு தொகுதி. இவர்களுக்கிடையே பிணக்கு மூண்டது. யார் எந்தப் பக்கம் என்பதில் கல்வெட்டு அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். அதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அடுத்த செய்தி. குரத்தியாரையும் அவரிடம் பயிலும் பெண்களையும் தாங்களே காத்துச் சோறிடுவதாக ஊரார் முன்வந்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்.

வியாபாரி கண்ணுக்கு இது ஒரு பத்திரம். வாய்வார்த்தையாக “பார்த்துக்கறோம் அம்மா” என்று சொல்லிவிட்டு நகரவில்லை. கழுகுமலையிலும் குரத்தியர் பலரின் பெயர்கள் உள்ளன. ஆனால் அங்கே காண்பவை பெரும்பாலும் திருமேனி செய்வித்த குறிப்புகள். கற்பிக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் உணவும் உறுதி செய்த எழுத்து என்ற வகையில் வேடலுக்குத் தனி இடம் உண்டு என்பது என் கருத்து. (நம்மவர் வேடலுக்குப் போனால் குகையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். எழுத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள்.)

சம்பளக் கணக்குக்குத் திருமுக்கூடல் போக வேண்டும். வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு, பதினொன்றாம் நூற்றாண்டு. 15 கட்டில் கொண்ட ஆதுலசாலை. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. நோயாளியைக் கவனித்து மருந்து கொடுக்கும் பெண்களுக்கும் நெல்லும் காசும் ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவரோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வு அன்றே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்களின் பங்கும் அதே கல்லில் ஏறியிருப்பது நோக்கத்தக்கது.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வந்தால், நம் சித்தூர் அப்போது வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகரம். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லாதோறும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆசிரியர்களின் மாத வருமானம் ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை. தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தகுதி வேண்டுமானால் ஊதியம் வேண்டும் என்ற கணக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது! 1827இல் மன்றோ காலராவில் மாண்டார். திருமலையில் அவர் பெயரால் ‘மன்றோ கங்காளம்’ என்று பொங்கல் படைப்பதை திருப்பதிக்காரர்கள் அறிவார்கள். பாத்திரம் நிலைத்தது, வாத்தியார் சம்பளம் நிலைக்கவில்லை.

பின்னால் பள்ளி ஆசிரியர்க்குச் சட்டங்கள் வந்தன. 1993இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம், 2010 அறிவிக்கையின்படி ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கத் தகுதித் தேர்வு. ஆறு வயதுக்குக் கீழே இறங்கினால் சட்டத்தின் குரலே மாறிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை. வேடல் ஊரார் ‘காக்கலாம்’ என்று எழுதியிருந்தால் குரத்தியார் என்ன செய்திருப்பார்?

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் பணிசெய்யும் பெண்ணைத் ‘தொண்டர்’ என்றும், அவர் பெறுவதை ‘மதிப்பூதியம்’ என்றும் எழுதிவிட்டார்கள். 2006 டிசம்பரில் கர்நாடக வழக்கொன்றில் இவர்கள் வகிப்பது அரசுக் குடிமைப் பதவி அன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருப்பம் 2022 ஏப்ரல் 25இல் வந்தது. குஜராத்திலிருந்து மணிபென் என்னும் ஊழியர் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா இருவரும், 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடி ஊழியர்க்கும் உதவியாளர்க்கும் பொருந்தும் என்றார்கள். மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது சம்பளமே. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவர்கள் தலையில் சட்டக் கடமையை ஏற்றியிருக்கிறது. முன்பருவக் கல்வி தருவதால் அங்கன்வாடியும் கல்வி நடத்தும் இடமே. சோறிடுதல், கற்பித்தல் இரண்டையும் சேர்த்துப் பார்த்து உரிமை சொன்ன தீர்ப்பு இது. படித்தபோது எனக்கு வேடல்தான் நினைவுக்கு வந்தது.

நம் ஆந்திர வேலை நிறுத்தம் 42 நாள் நீடித்தது. 26,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளமும் பணிக்கொடையும் முக்கியக் கோரிக்கைகள். அப்போது ஊழியர்க்கு 11,500, உதவியாளர்க்கு 7,000.

முடிவு வந்த மறுவாரம் டீச்சரம்மா மறுபடி கடைக்கு வந்தார். தீர்ப்பின்படி என்ன வரும் என்று பில் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். 11,500ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 6,634 சொச்சம்; அவருடைய முப்பது வருஷத்துக்கு சுமார் 1,99,000 ரூபாய். தாளை இரண்டு முறை பார்த்தார்.

“இது வருதோ இல்லையோ, இதுல தேதி போட்டு உங்க கையெழுத்து ஒண்ணு போடுங்கண்ணா” என்றார்.

என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தேதி போட்டுக் கொடுத்தேன்.