மூன்றாம் பத்தி: தேர்தலுக்குத் தேர்தல் எழுப்பப்படும் ஒரு வாக்குறுதி

தலித் கிறித்தவர்களையும் தலித் இசுலாமியர்களையும் பட்டியல் சாதியினராக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் மேடையேறுகிறது. வாக்குகள் எண்ணப்பட்டதும் இறங்கிவிடுகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் வரிசையாகப் பார்க்க வேண்டியுள்ளது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினர் அல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. அரசமைப்பின் 341ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தால் பட்டியலை மாற்றலாம். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவையில்லை. இருமுறை செய்து காட்டப்பட்ட வேலைதான் இது.

மதம் மாறியவருக்குச் சேரி மாறுவதில்லை. திருச்சி மேலப்புதூரில் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே சாதிச்சுவர் நின்றது. ஆயினும் தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழே. தனித்தொகுதியில் அவர் போட்டியிட முடியாது. தாக்கப்பட்டால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்காது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை, மதம் மாறியவர் என்பதால் அரசு வழங்கிய பெட்டிக்கடை மறுக்கப்பட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார். சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, புதிய மதத்திலும் அதே அளவு கொடுமை நீடிப்பதற்குச் சான்று வேண்டும் என்று 1985இல் அவரது வழக்கு தள்ளுபடியானது.

இனி கட்சிகளுக்கு வருவோம். நரசிம்ம ராவ் அரசு 1991 முதல் ஐந்தாண்டுகள் ஆண்டது. 1996 மக்களவைத் தேர்தல் வாயிலுக்கு வந்த பிறகே, தலித் கிறித்தவர் இடஒதுக்கீட்டிற்கு ஓர் அவசரச் சட்டத்தைத் தயாரித்தது. குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா அதில் கையொப்பமிடவில்லை. நிறைவேறாது என்று தெரிந்தே அனுப்பினார்களா என்று கேட்டால், அக்கட்சியின் பிற்காலப் போக்கு ஐயத்தை வலுப்படுத்தவே செய்கிறது. இதே கோரிக்கைக்காக 2004இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. மன்மோகன் சிங் அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மூன்றாம் பத்தியை நீக்குமாறு 2007 மே மாதமே பரிந்துரைத்தது. அறிக்கை அவையில் வைக்கப்பட்டதோ 2009 டிசம்பரில், மக்களவைத் தேர்தல் முடிந்து மாதங்கள் கழித்து! 2014 வரை ஆட்சியில் இருந்தும் அந்த அரசு பரிந்துரையைச் சட்டமாக்கவில்லை.

திராவிடக் கட்சிகளின் கணக்கும் இதில் உண்டு. இரு கழகங்களும் கோரிக்கையை ஆதரிப்பதாகவே பேசிவந்தவை. தி.மு.க. 1999 முதல் 2003 இறுதி வரை வாஜ்பாய் அமைச்சரவையிலும், 2004 முதல் 2013 வரை மன்மோகன் சிங் அமைச்சரவையிலும் இருந்தது. அ.தி.மு.க.வோ 1999இல் ஒரு மத்திய அரசையே கவிழ்க்கும் வலிமை பெற்றிருந்தது. 2014இல் 37 மக்களவை உறுப்பினர்களையும் வைத்திருந்தது. அந்த வலிமை எதற்கெல்லாமோ செலவானது, இதற்கு ஆகவில்லை. தில்லியில் அமைச்சரவையை விட்டு வெளியே இருக்கும் 2023இல், தமிழ்நாடு சட்டமன்றம் ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆந்திரச் சட்டமன்றமும் அவ்வாண்டே செய்தது. பட்டியலை மாற்றும் அதிகாரம் இல்லாத அவையில் தீர்மானம் போட எந்தக் கட்சிக்கும் எதுவும் செலவாவதில்லை.

பா.ஜ.க. கோரிக்கையை வெளிப்படையாகவே எதிர்ப்பதால், பொய் வாக்குறுதி என்ற குற்றச்சாட்டு அதற்குப் பொருந்தாது. அதன் நேர்மையின்மை வேறு வகையானது. மிஸ்ரா அறிக்கை களஆய்வற்றது என்று 2022இல் நீதிமன்றத்தில் புறந்தள்ளியது; அவ்வாண்டு அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்தது. ஈராண்டுக் காலக்கெடு, அதுவும் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தல் இடையிலேயே வந்து போயிற்று.

வாக்குக் கேட்டு வருபவரிடம் "ஆதரிக்கிறீர்களா?" என்று நாம் கேட்பதால் பயனில்லை, அனைவரும் ஆம் என்பர். மக்களவை வேட்பாளரிடம் கேட்க வேண்டியது: மூன்றாம் பத்தியை நீக்கும் தனிநபர் மசோதாவை எந்தக் கூட்டத்தொடரில் கொண்டுவருவீர்கள்? அவர் கட்சி ஏற்கெனவே தில்லி அமைச்சரவையில் இருந்திருந்தால், அப்போது ஏன் கொண்டுவரவில்லை?