ஊசி, கம்பி, குழாய்

விலாவுக்குக் கீழே திடீரென்று தாங்கமுடியாத வலி, குமட்டல், சில சமயம் சிறுநீரில் ரத்தம். பார்ப்பவர்கள் ‘கிட்னியில கல்’ என்பார்கள். ஸ்கேனில் கல் இருக்காது. காரணம் வேறு: அரிதாகச் சிலருக்கு, அடி ஏதும் படாமலே சிறுநீரகத் தமனியின் உட்சுவர் கிழிந்துவிடுகிறது. ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து ஒரு போலிப் பாதையை உண்டாக்க, நிஜப் பாதை நசுங்கும். ரத்தம் குறைந்த சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்க, ரத்த அழுத்தம் எகிறும்.

இந்தக் கிழிசலை உடலைத் திறக்காமல் எப்படிக் காண்பது? 1929இல் லிஸ்பனில் மருத்துவர் ரெய்னால்டோ டோஸ் சாண்டோஸ், முதுகு வழியாக நீண்ட ஊசியைப் பெருந்தமனிக்குள்ளேயே குத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தினார். துணிச்சலான வழிதான். ஆனால் ஊசி நின்ற இடத்தைத் தாண்டி எதையும் தேடிப் போக முடியாது. தொடையிலிருந்து குழாய் ஏற்றவும் பின்னாளில் முயன்றார்கள். குழாய் ஊசிக்குள் நுழைய வேண்டுமென்றால் ஊசி தடிமனாக வேண்டும். துளை பெரிதாகி ரத்தம் கசியும்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற இளம் கதிரியக்க மருத்துவர் இந்தச் சிக்கலை வரிசை மாற்றித் தீர்த்தார். மெல்லிய ஊசி உள்ளே. அதன் வழியே வளையும் கம்பி உள்ளே. ஊசி வெளியே. கம்பியின் மேலாகவே குழாய் உள்ளே. பிறகு கம்பி வெளியே. குழாயே துளையை அடைத்துக்கொள்ளும். 1953இல் இதை வெளியிட்டார். முனைவர் பட்டத்துக்கு இது போதாது என்று சொல்லிவிட்டார்களாம். 1966இல் பித்தநாளப் படமெடுப்பைப் பற்றி எழுதித்தான் பட்டம் வாங்கினார். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை. எளிமை அதன் குறையல்ல, அதுதான் அந்தக் கண்டுபிடிப்பே.

அதே வழியில் பலூனை அனுப்பி, சுருங்கிய சிறுநீரகத் தமனியை விரித்த அனுபவத்தை 1978இல் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் எழுதினார். தமனியை விரித்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் பின்னால் வந்தது.

இன்று கிழிசலைப் பெரும்பாலும் சி.டி. ஆஞ்சியோகிராமே காட்டிவிடுகிறது. பலருக்கு ரத்த அழுத்த மருந்தும் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் போதும். ரத்த ஓட்டம் தடைபட்டாலோ அழுத்தம் அடங்காவிட்டாலோ ஸ்டென்ட் வைக்கிறார்கள். அப்போதும் கிழிந்த தமனிக்குள் முதலில் போவது கம்பிதான். அது போலிப் பாதைக்குள் நழுவாமல் நிஜப் பாதையில் இறங்கியதை உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்டென்ட்டை விரிக்கிறார்கள்.