பொய் நிச்சயதார்த்தமும் காண்ட்ராக்ட் சட்டமும்

போன மாதம் டெல்லியிலிருந்து ஊருக்குப் போகும்போது ரயிலில் என் பெண் ஒரு ஆங்கில நாவலில் மூழ்கியிருந்தாள். என்ன கதை என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல ஒரு மேனேஜர்ப்பா. எனக்கு நிச்சயம் ஆன பொண்ணா மூணு மாசம் நடின்னு செக்ரட்டரிகிட்ட கேக்கறான். கடைசில நிஜமாவே கல்யாணம்."

நாக்பூர் வருவதற்குள் முடித்தே விட்டாள் :-)

பொய் நிச்சயம் ஒன்றும் புதுச் சரக்கில்லை. ஜார்ஜெட் ஹேயர் 1953-லேயே 'கோடிலியன்' நாவலில் எழுதிவிட்டார். ஆனால் அது பழங்காலப் பிரபுக்கள் வீட்டுக் கதை. இதே விளையாட்டை இங்கிலாந்தில் ஒரு ஆபீஸில் ஆட அந்தக் காலத்தில் இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை சட்டம். பி.காம். படித்தவர்களுக்கு பால்ஃபர் வழக்கு (1919) மறந்திருக்காது. இலங்கையில் வேலை பார்த்த கணவர், இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். அது ஒப்பந்தமே ஆகாது என்றது கோர்ட். வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்துக்குப் பிறகு கொடுத்த வாக்குக்குத்தான் இந்தக் கதி. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்ற வாக்கு முழு ஒப்பந்தம்! மீறினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். டிக்கன்ஸின் பிக்விக், வீட்டுக்கார அம்மாள் தப்பாகப் புரிந்துகொண்டதால் மாட்டிக்கொண்டு, 750 பவுண்டு கட்ட மறுத்து ஜெயிலுக்கே போவார். இருவரும் பேசிவைத்த பொய்தான் என்றாலும், நாளைக்கு ஒருவர் மாற்றிப் பேசினால் யார் நிரூபிப்பது? 1970-இல் வந்த சட்டம், 1971 ஜனவரி 1 முதல் இந்த வழக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. கல்யாணம் ஆனால் பெண்ணுக்கு வேலை போய்விடும். பிரிட்டிஷ் அரசுப் பணியில் பொதுவாக 1946 வரை இதுதான் விதி. பார்க்லேஸ் வங்கியில் 1961 வரை. மோதிரம் வந்தால் பின்னாலேயே ராஜினாமா கடிதமும் வந்தாக வேண்டும்.

நம் நாடும் சளைத்ததல்ல. 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. அந்தப் பணியில் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆண்களுக்கு அப்படி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் சுப்ரீம் கோர்ட் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு உயர்வைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளை ஒரு பிடி பிடித்தார்.

இப்போது நாவலுக்கு வருவோம். மில்ஸ் அண்ட் பூன் 1908-இல் லண்டனில் தொடங்கியபோது எல்லா வகைப் புத்தகமும் போட்டது. 1930-களில்தான் காதல் கதைகளில் முழுதாக இறங்கியது. கனடாவின் ஹார்லக்வின் 1957 முதல் அவற்றை மறுபதிப்புச் செய்தது. ஆரம்பத்தில் பெரும்பாலும் டாக்டர்-நர்ஸ் கதைகள். 1971-இல் கம்பெனியையே வாங்கியது. வாக்குமீறல் வழக்கு ஒழிந்த அதே வருஷம்! தற்செயல்தான். ஆனால் நிச்சயத்தை விளையாட்டாகவும், வேலையை விடாத பெண்ணைக் கதாநாயகியாகவும் எழுதத் தடை நீங்கிய காலம் அது.

2009-இல் வந்த 'தி ப்ரொபோசல்' படத்தில் எல்லாம் தலைகீழ். மேலதிகாரி கனடாக்காரப் பெண். விசா சிக்கலில் தப்பிக்க உதவியாளனை மாப்பிள்ளையாக்குகிறார். விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்தால் அமெரிக்காவில் ஐந்து வருஷம் ஜெயில், இரண்டரை லட்சம் டாலர் அபராதம் வரை போகலாம். அன்று நிஜ வாக்கை மீறினால் வழக்கு. இன்று பொய்யாகக் கட்டிக்கொண்டால் வழக்கு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் பார்த்த ஒன்றையும் பெண்ணிடம் சொன்னேன். முன்பு நான் இருந்த கிளையில் நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். ஒரு சீனியரின் ராத்திரி போன்கள் தாங்காமல், திடீரென்று ஒருநாள் மோதிரத்துடன் வந்தாள். நிச்சயம் ஆகிவிட்டது, பையன் ராணுவத்தில் என்றாள். போன்கள் நின்றன. மாற்றலாகிப் போகும்போது என்னிடம் சொன்னாள்: "பையனே இல்ல சார். மோதிரம் அம்மாவோடது."

பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான சட்டம் 2013-இல் வந்த பிறகு நடந்தது இது.

"கம்ப்ளெயிண்ட் கொடுத்திருக்கலாமேப்பா?" என்றாள் என் பெண். கொஞ்சம் யோசித்து, "நீங்க அப்ப கவனிக்கவே இல்லியா?" என்றாள்.

ரயில் பல்லார்ஷாவில் நின்றது. டீ வாங்க இறங்கிவிட்டேன்.