பழனி மலையும் பறவை காணும் பயணமும்

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு நோக்கிச் செல்வோர் கண்முன் பழனி மலைத்தொடர் நீலச்சுவரென எழுந்து நிற்பதைக் காணலாம். வைகைக் கரையின் வயல்களில் கொக்கும் மைனாவும் பனங்காடையும் நமக்குப் பழகிய பறவைகள். அச்சுவரின் உச்சியிலோ, இச்சமவெளிக்கு ஒருபோதும் இறங்கி வராத பறவைகள் சில வாழ்கின்றன. அவற்றைக் காண மலையேறுவது எவ்வாறு என்பது அன்றும் இன்றும் ஒரு கேள்வியே. ஆயினும், அன்றைய இடர் வேறு. இன்றைய இடர் வேறு.

1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் படை அதிகாரி இம்மலைகளை அளந்தார். 1836-இல் தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் இங்கு வந்து செடிகொடிகளை ஆராய்ந்தார். மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரைப் பறிகொடுத்த அமெரிக்கப் பாதிரிமார், நல்ல காற்றை நாடி 1845-இல் கோடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். ஊர் பிறந்த வரலாறு இதுவே.

அக்காலத்தில் மலைக்குப் புறப்படுவது எளிய செயல் அன்று. மதுரைக்கு இரயில் வந்ததே 1875-இல்தான். அதற்கு முன்னர் மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்தை அடைய வேண்டும். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. வசதி உடையோர் குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோ ஏறினர். அரிசியும் துணியும் மருந்தும் கூலியாட்களின் தலைச்சுமையாகவே மேலே சென்றன. இம்மலையின் அறிவியல் வரலாற்றை எழுதுவோர், பெயர் எழுதப்படாத அத்தோள்களை மறத்தல் ஆகாது.

இம்மலைப் பறவைகளை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் சாமுவேல் ஃபேர்பேங்க். இவரும் ஓர் அமெரிக்கப் பாதிரியாரே. மராத்திய நாட்டின் அகமதுநகர்ப் பகுதியில் பணியாற்றியவர். 1860-களில் பழனி மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். அன்று பறவையை அறிதல் என்பது, அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பஞ்சடைத்து அறிஞர்க்கு அனுப்புவதாகும். ஆதலின் அவர்காலப் பயணத் திட்டத்தில் உணவுக்கு அடுத்தபடியாகத் துப்பாக்கியும் வெடிமருந்தும் இடம்பெற்றன.

அவர் சேகரித்தவற்றுள் இரண்டு பறவைகள் அறிவுலகிற்குப் புதியனவாக இருந்தன. நிலவியல் அறிஞர் பிளான்ஃபோர்டு அவற்றை ஆராய்ந்தார். வெண்ணிற வயிறும் கருநீல உடலும் கொண்ட சிறு பறவை ஒன்றை 1868-இலும், கூட்டமாகக் கூவித் திரியும் சிரிப்பான் ஒன்றை 1869-இலும் அவர் விவரித்து வெளியிட்டார். சிரிப்பானுக்கு ஃபேர்பேங்க்கின் பெயரையே சூட்டினார். பின்னர் 1877-இல், பழனி மலைப் பறவைகளைப் பற்றி ஃபேர்பேங்க் எழுதிய கட்டுரை ஹியூம் நடத்திய பறவையியல் இதழில் வெளிவந்தது. காங்கிரசைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஹியூமே இவர்.

அந்நீலப் பறவையை எவ்வினத்தில் சேர்ப்பது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. மரபணு ஆய்வின் துணைகொண்டு 2017-இல் அதற்குத் தனிப் பேரினம் ஒன்று வகுத்தனர். அதன் பெயர் 'சோலிகோலா'. சோலையில் வாழ்வது என்பது பொருள். நம் மலைகளின் பள்ளத்தாக்குகளில் அடர்ந்திருக்கும் குளிர்ந்த மழைக்காட்டைக் குறிக்கும் 'சோலை' என்னும் தமிழ்ச்சொல், ஆங்கிலத்தின் வழியே அறிவியலின் இலத்தீனுக்குள் புகுந்துவிட்டது. இது நாம் மகிழத்தக்க செய்தியன்றோ!

அப்பெயர் ஓர் உண்மையையும் உணர்த்துகின்றது. சிரிப்பான் மலைத்தோட்டங்களின் ஓரத்திற்கும் வந்து கனி கொத்தும். நீலப் பறவையோ சோலையின் இருளை விட்டு எளிதில் வெளிவருவதில்லை. அதற்கு வெப்பமான சமவெளி கடல் போன்றது. மலையுச்சி தீவு போன்றது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்பவை வேறு இனங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைகளிலும் இதே நிலையைக் காணலாம். தான்சானியாவின் உலுகுரு மலைக்காட்டில் மட்டுமே வாழும் பறவை இனம் உண்டு. அக்காடு அழியின் அதற்கு வேறு புகலிடம் இல்லை.

இன்று மதுரையில் காலையில் பேருந்து ஏறினால் நண்பகலில் கோடைக்கானலை அடையலாம். துப்பாக்கிக்கு வேலை இல்லை. தொலைநோக்கிக் கண்ணாடி போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதல் பங்குனி வரை செல்வது நன்று. கோடைக்காலக் கூட்டமும் இராது. வலசை வந்த பறவைகளும் அங்கிருக்கும். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுதல் வேண்டும். விடியற்காலையில், பேச்சைக் குறைத்துச் சோலையின் விளிம்பில் ஓரிடத்தே நிற்றல் வேண்டும்.

வழி எளிதாயிற்று, காடு அரிதாயிற்று. தோல் பதனிடுவதற்கான பட்டைக்கும் மரக்கூழுக்குமென அயல்நாட்டுச் சீகை மரங்களும் தைல மரங்களும் மலையெங்கும் நடப்பட்டன. சோலைகளை அடுத்த புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 40 ஆண்டுகளில் மறைந்துவிட்டதென 2018-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. புல்வெளியையே வீடாகக் கொண்ட நீலகிரி நெட்டைக்காலி எங்கே செல்லும்? 2013-இல் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது ஆறுதல் தருகின்றது. எனினும், அறிவிப்பு மட்டுமே காட்டை மீட்டுத் தந்துவிடாது.

ஃபேர்பேங்க் தம் பயணத்திற்குத் திட்டமிட்டபோது பாதையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கலாம். காடு அங்கே இருக்குமா என்று கவலைப்பட வேண்டிய தேவை இருந்ததில்லை. நம் பிள்ளைகளின் பயணத் திட்டத்தில் அக்கவலை இடம்பெறாதிருக்க வேண்டும். சோலையின் பெயரைத் தாங்கிய பறவைக்குச் சோலையையும் விட்டுவைப்பது நம் கடமையாகும்.