பசியாற்றிய வணிகமும் நிழல் தந்த வக்ஃபும்



1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் நமது ஓசூரின் முகமே மாறிவிட்டது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலான ஆலைகள் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி மக்கள் வந்தனர். வந்தவர்களின் முதல் தேவை இரண்டு: உண்ண உணவு, தங்க இடம். கிருஷ்ணகிரி முதல் கர்நாடக எல்லை வரை நெடுஞ்சாலையோரம் உணவகங்கள் பெருகியதன் காரணம் இதுவே. இந்த இரு தேவைகளையும் நம் முன்னோர் எவ்வாறு நிறைவேற்றினர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1951ஆம் ஆண்டு ஜனாப் ஏ.எம். புகாரி அவர்கள் ஓர் உணவகத்தைத் தொடங்கினார்கள். இளமையைக் கொழும்பில் கழித்தவர்கள் அவர்கள். பிரியாணி, சமோசா, தேநீர் ஆகியவற்றை நகரின் நடுவே, மேசை நாற்காலியிட்ட தூய்மையான கூடத்தில், சாதி மத வேறுபாடின்றி அனைவருக்கும் பரிமாறினார்கள். திரைப்படம் பார்க்க வந்தவரும் அலுவலகம் செல்பவரும் அங்கே பசியாறினர். இன்று நாடெங்கும் அறியப்பட்ட 'சிக்கன் 65' 1965ஆம் ஆண்டில் அங்கேதான் அறிமுகமாயிற்று என்பர். ஓர் உணவகத்தின் உண்மையான முதலீடு பணமன்று. உண்பவர் அதன்மீது வைக்கும் நம்பிக்கையே என்பதை அவ்வணிகம் உணர்த்தியது.

அதே 1951ஆம் ஆண்டில்தான் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் நியூ காலேஜும் தொடங்கப்பெற்றன. திருச்சிக் கல்லூரியை நிறுவிய ஹாஜி எம். ஜமால் முகம்மது சாகிப், ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய இருவரும் வணிகப் பெருமக்களே. கடையில் ஈட்டிய பொருள் கல்விக்கூடமாக உருமாறும் மரபு நம்மிடையே வேரூன்றியிருந்தது.

அம்மரபின் முன்னோடிகளுள் ஒருவர் மேல்விஷாரத்தின் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் (1863–1938). தோல் வணிகத்தில் பெரும் செல்வம் ஈட்டிய அவர்கள், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே சித்திக் சராயைக் கட்டுவித்தார்கள். மருத்துவத்திற்கும் வணிகத்திற்கும் அந்நகருக்கு வந்த எத்தனையோ எளிய முஸ்லிம் பயணிகளுக்கு அது தங்குமிடமாயிற்று. அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1965இல் மேல்விஷாரத்தில் தொடங்கப்பெற்ற கல்லூரி அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அள்ளிக் கொடுக்கும் தருமத்திற்கும் வக்ஃபுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சிந்திக்க வேண்டும். கையில் கொடுத்த காசு அன்றே செலவாகிவிடும். வக்ஃப் செய்த சொத்தையோ விற்கவியலாது. வாரிசுகள் பங்கிடவும் இயலாது. அதன் பயன் மட்டுமே தலைமுறை தலைமுறையாக மக்களைச் சென்றடையும். மனிதன் மறைந்த பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும் ஸதக்கத்துல் ஜாரியா என்பது இதுவன்றோ! ஆயினும் முதவல்லிகளின் நேர்மையும் ஜமாஅத்தின் கண்காணிப்பும் இல்லையேல், எத்தகைய வக்ஃபும் வெறும் கட்டடமாகவே எஞ்சும்.

நம் பகுதியில் உணவகம் நடத்தி உழைப்பால் உயர்ந்த சகோதரர்கள் உள்ளனர். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கும் ஏழைக் குமரின் திருமணத்திற்கும் வாரி வழங்குவோரை நாம் அறிவோம். அந்த ஈகை போற்றத்தக்கதே. எனினும் வேலை தேடி இவ்வூருக்கு வரும் ஓர் ஏழை இளைஞன், முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை எங்கே தங்குவான்? தொழிற்கல்வி பயில விரும்பும் மாணவனின் கட்டணத்தை ஆண்டுதோறும் யார் செலுத்துவார்? ஒருவரால் இயலாதது பலர் கூடினால் இயலும். ஒரு சிறு கடையின் வாடகை வருமானமாயினும் அதனை வக்ஃபாக்கி, கணக்கைப் பொதுவில் வைத்தால் போதும்; அது ஒரு தொடக்கமாகும்.

கல்லாப்பெட்டி இரவில் மூடப்படும். அறத்தின் வாசல் மூடப்படுவதில்லை. அத்தகைய வாசல் ஒன்றை நமது ஊரிலும் திறக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.